மிதக்கும் குதிரை

தந்தி வாத்தியங்கள் யாவற்றுக்கும் பொதுவானதொரு நியதி உண்டு. தந்தியின் இரு முனைகளும் அசையாதிருத்தல் வேண்டும் என்பதே அந்நியதி. வீணையாயினும் வயலினாயினும், ஒரு முனை குதிரைக்கு அப்பால் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை பிரடையிற் சுற்றப்பட்டிருக்கும். இவ்விரண்டிற்கும் இடையில் விரல்கள் எவ்வளவுதான் ஓடினாலும் முனைகள் அசைவதில்லை. சுருதி நிலைபெறுவதற்கு இதுவே அடிப்படை. இந்நியதியை மீறிக் குதிரையையே அசைய விடவேண்டும், அதே வேளையிற் சுருதியும் கெடாதிருக்கவேண்டும் என்று அவாவியவர்கள் மின்கிற்றார் வாசிப்போரே. அவ்வவாவிலிருந்து பிறந்த ஒரு கருவியைப் பற்றியும், அதன் கோளாறுகளைத் தேடி நான் செலவிட்ட சில மாலைப்பொழுதுகளைப் பற்றியுமே இங்கு எழுத விழைகின்றேன். கலைப்பீடத்து மாணவன் ஒருவன் திருகாணிகளைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இதில் திருகாணிகளைவிட வேறு சிலவும் உள்ளன என்பது என் துணிபு.

கிற்றாரின் உறுப்புகளுக்கு நம் வீணைக்காரர் வழங்கும் சொற்களே பெரும்பாலும் பொருந்துகின்றன. தந்தி, மெட்டு, பிரடை, குதிரை என்பன அவை. தலைப்பக்கத்திலே தந்திகள் அமர்ந்து செல்லும் சிறிய தாங்கியை மட்டும் வாசிப்போர் 'நட்' என்று கூறுவர். அதனை இங்கே தலைத்தாங்கி என்று குறிப்பிடுகின்றேன். நான் எடுத்துக்கொண்ட கருவியிலே, குதிரை மரத்தின் மேல் ஒட்டப்பட்டதன்று. அது இரண்டு எஃகுத் தூண்களிற் சாய்ந்து நிற்கும் ஓர் உலோகத் தகடு. தகட்டின் முன்விளிம்பு கத்திபோற் கூராக்கப்பட்டுத் தூண்களிலுள்ள பள்ளத்திற் பொருந்தி நிற்கும். தகட்டோடு இணைந்த நீண்ட கைபிடியைக் கீழே அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருங்கே தளர்ந்து சுருதி இறங்கும். மேலே இழுத்தால் ஒருங்கே இறுகிச் சுருதி ஏறும்.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்காவிலே லியோ பெண்டர் 1954 இல் வெளியிட்ட ஸ்ராற்றோகாஸ்ரர் என்ற கிற்றாரில் இத்தகைய அசையும் குதிரை அமைந்திருந்தது. அவர் அதற்கு 'ட்றெமலோ' என்று பெயரிட்டார். இசையிலக்கணப்படி ட்றெமலோ என்பது ஒலியின் வலிமை ஏறி இறங்குவதைக் குறிக்குமேயன்றிச் சுருதி ஏறி இறங்குவதைக் குறிக்காது. பின்னதற்கு 'வைப்றாற்றோ' என்பதே உரிய பெயர். எனினும் பிழையான பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. 1969 இல் வூட்ஸ்ரொக் விழாவிலே ஜிமி ஹென்றிக்ஸ் அமெரிக்கத் தேசிய கீதத்தை வாசித்தபோது, குண்டு வீழ்வது போன்ற ஒலிகளை எழுப்ப அவருக்கு உதவிய கருவிகளுள் இக்கைபிடியும் ஒன்று. ஆனால் அக்காலத்துக் குதிரைகளிலே கைபிடியைப் பலமாக அழுத்திவிட்டால், தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்புவது அரிதாயிருந்தது.

ஏன் திரும்புவதில்லை? தந்தி தளரும்போது தலைத்தாங்கியின் மேலாகச் சிறிது நகர்கின்றது. பிரடையிற் சுற்றிய சுற்றுகளும் நெகிழ்கின்றன. மீண்டும் இறுகும்போது உராய்வு காரணமாக அது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதில்லை. மில்லிமீற்றரிற் சிறு பின்னமளவு வேறுபாடு போதும், செவி அதனைக் கண்டுகொள்ளும். இதற்கு விடை கண்டவர் புளொயிட் றோஸ் என்ற அமெரிக்கக் கிற்றார் வாசிப்பாளர். நகை செய்யும் தொழிலிலும் பழக்கமிருந்தமையால் உலோக வேலைக்குரிய கருவிகள் அவர் கைவசம் இருந்தன. தலைத்தாங்கியிலே தந்திகளை இறுகப் பற்றிக்கொள்ளும் பூட்டுகளை அவர் அமைத்தார். குதிரைப்பக்கத்திலும் தந்திகளைப் பூட்டினார். 1979 இல் அவருக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. பூட்டிய பின் பிரடைகளால் பயனில்லாமற் போவதால், குதிரையிலேயே நுண்சுருதித் திருகாணிகள் ஆறு பின்னர் சேர்க்கப்பட்டன. எடி வான் ஹேலன் போன்றோர் கையாண்டதனால் எண்பதுகளில் இது பெரும் புகழெய்தியது. அசைவதற்குரிய சுதந்திரத்தைப் பெறுவதற்காகத் தந்தியின் இரு முனைகளையும் பூட்டிவிட்டார் என்பது நினைக்கத்தக்கது.

இக்குதிரை எதன் துணையால் நிற்கின்றது? ஒருபுறம் ஆறு தந்திகளும் அதனை முன்னோக்கி இழுக்கின்றன. மறுபுறம் கிற்றாரின் முதுகிலுள்ள குழியிலே மூன்று முதல் ஐந்து வரையான சுருள்வில்கள் அதனைப் பின்னோக்கி இழுக்கின்றன. இரு பக்கத்துத் திருப்பங்களும் சமனாகும் இடத்திலே தகடு மரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றது. வாசிப்போர் இதனை 'மிதத்தல்' என்பர். இரசாயன ஆய்வுகூடங்களிலிருந்த பழைய தராசுகளைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்புப் புதிதன்று. அத்தராசின் கோலும் கத்தி விளிம்பு ஒன்றன் மேலேயே தங்கி நிற்கும். மெல்லிய ரகத் தந்தித் தொகுதியொன்று, அதாவது மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலமும் மிகத் தடித்தது 0.042 அங்குலமும் கொண்ட தொகுதி, உரிய சுருதியில் ஏறத்தாழ 39 கிலோகிராம் இழுவையைக் கொண்டிருக்கும். 0.010 முதல் 0.046 வரையான தொகுதியில் இது ஏறத்தாழ 47 ஆகும். பெரியவர் ஒருவரின் நிறைக்குச் சற்றே குறைந்த பாரம் ஒரு கத்தி விளிம்பில் ஓயாது நிற்கின்றது என்றால் மிகையாகாது.

என்னிடமுள்ள கிற்றார் என் அண்ணனுடையது. கனடாவுக்குச் செல்லுமுன்னர் கொழும்பிலே பழைய விலைக்கு வாங்கிப் பருத்தித்துறையில் எங்கள் வீட்டில் விட்டுச்சென்றார். கடலுக்கு அண்மையிலுள்ள வீடு அது. சில ஆண்டுகள் உறைக்குள்ளேயே கிடந்த அதனை நான் பேராதனைக்கு எடுத்து வந்தேன். அதன் குதிரை மூலக் கம்பனியின் உற்பத்தியன்று. உரிமம் பெற்று வேறொருவர் செய்தது என்று தகட்டிலே பொறிக்கப்பட்டிருந்தது. கலைவிழாவில் எங்கள் குழு வாசிப்பதற்கு மூன்று வாரங்கள் இருக்கையில், அக்கிற்றார் எவ்வகையிலும் சுருதியில் நிற்கவில்லை. தகடு முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. தந்திகள் மெட்டுகளிலிருந்து மிக உயர்ந்து நின்றன. ஒரு தந்தியைச் சேர்த்தால் மற்றொன்று விலகியது. கைபிடியைத் தொட்டாலோ யாவும் கலைந்தன.

கண்டியில் நெடுங்காலமாக வானொலியும் ஒலிபெருக்கியும் திருத்திவரும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றேன். அவர் யாழ்ப்பாணத்தவர். கிற்றாரை மேசையிற் குப்புறக் கிடத்திக் குழியின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உது ஆடுற சாமான். ஆடுற சாமானில சுருதி நிக்காது. நான் அடியில ஒரு கட்டை வைச்சு இறுக்கித் தாறன். பிறகு உமக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"கட்டை வைச்சா இந்தக் கைபிடி வேலை செய்யாதல்லோ, ஐயா?"

"செய்யாது. ஆனால் பாட்டு வாசிக்கலாம். எது வேணுமெண்டு நீர்தான் சொல்லவேணும்."

அவர் கூறியது பொறுப்பற்ற யோசனையன்று. குதிரையை மரக்கட்டையால் நிலைப்படுத்தி வாசிக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கிற்றாரைச் சாதாரணக் கிற்றாராக்கிவிட்டாற் பெரும்பாலான தொல்லைகள் ஒரே நாளில் ஒழிந்துவிடும். யோசித்துச் சொல்வதாகக் கூறியபோது, தேக்கமரத் துண்டொன்றை அளவாகச் சீவி என் கையிலே தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு அண்ணனோடு தொலைபேசியிற் பேசினேன். அவர் ரொறன்ரோவில் இரவுவேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் நேரம் எனக்குக் காலைப்பொழுதாகையால், நான் விடியும்வரை விழித்திருந்தே பேச நேர்ந்தது. அங்கு சென்ற பின் கிற்றாரைத் தொடவேயில்லை என்றார். கட்டையைப் பற்றிச் சொன்னதும் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "பூட்டுறதெண்டாப் பூட்டு. ஆனால் பிறகு திறக்கக்கூடிய மாதிரிப் பூட்டு. முதலில குதிரை எப்பிடி நிக்குதெண்டு பார், தந்தியைப் பார்க்காதை" என்றார்.

அவருடைய கடைசி வாக்கியமே எனக்கு வழிகாட்டியது. இக்குதிரையிற் பழுது தோன்றும் இடமும் பழுது உள்ள இடமும் பெரும்பாலும் வேறுவேறு. கீழ்த்தந்தி ஒன்றின் சுருதி இறங்கியிருக்கின்றது என்று அதனை முறுக்கினால், அதன் இழுவை கூடுகின்றது. குதிரை மயிரிழையளவு முன்னே சாய்கின்றது. மற்றைய ஐந்து தந்திகளும் தளர்கின்றன. அவ்வைந்தையும் முறுக்கினாலோ முதலாவது தந்தி மீண்டும் இறங்கிவிடுகின்றது. தந்தியின் மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமமானது என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் மேர்சென் எடுத்துரைத்தார். ஒரு சுரத்தானம் ஏறுவதற்கு இழுவை நூற்றுக்குப் பன்னிரண்டளவு கூடவேண்டும். ஆறு தந்திகளும் ஒரே தராசில் தொங்குகையில், ஒன்றிற் கூட்டியது மற்றவற்றிற் குறையாமல் இராது. நிலைத்த குதிரையிலே ஒவ்வொரு தந்தியும் தனித்தனிக் குடித்தனம். மிதக்கும் குதிரையிலோ அவை ஒரு கூரையின் கீழ் வாழும் கூட்டுக் குடும்பம்.

எனவே முதல் மாலையிலே தந்திகளை விட்டுத் தகட்டையே நோக்கினேன். அது முன்னே சாய்ந்திருப்பதாயின், தந்திகள் சுருள்வில்களை வென்றுவிட்டன என்பது பொருள். ஏன் வென்றன? கிற்றார் உறையினுள்ளே தந்திகளின் வெற்றுப் பொதி கிடந்தது. அதில் 0.010 என்றிருந்தது. முன்னர் இதே கிற்றாரில் 0.009 தொகுதியே பூட்டப்பட்டிருந்ததை அண்ணன் கூறியிருந்தார். ஆக, சுருள்வில்களின் நிலை மாறாதிருக்கத் தந்திப்பக்கத்தில் மாத்திரம் ஏறத்தாழ 8 கிலோகிராம் கூடியிருக்கின்றது. சாய்வுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சுருள்வில்களைப் பற்றியிருக்கும் நகம்போன்ற உலோகத் துண்டு இரண்டு நீண்ட திருகாணிகளால் மரத்திற் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை உட்செலுத்தினாற் சுருள்வில்கள் இறுகும். வெளியே எடுத்தால் தளரும்.

இங்கேதான் முதியவர் தந்த தேக்குத்துண்டு உதவியது. தகடு மரத்தின் மேற்பரப்புக்குச் சமாந்தரமாக நிற்கும் உயரத்துக்கு அதனைத் தேய்த்துக்கொண்டேன். தந்திகளைத் தளர்த்தி, நகத்தின் திருகாணிகளை வேண்டியதற்கும் மேலாக இறுக்கினேன். தகட்டின் பின்பக்கம் மரத்தை நோக்கி அமிழ்ந்தது. அதன் அடியிலே துண்டைச் செருகியதும் தகடு அதன்மேல் அசையாது தங்கிற்று. இப்போது குதிரை நிலையானது. ஆகவே ஆறு தந்திகளையும், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல், கீழ்த்தந்தியின் 82.4 ஹேர்ட்ஸிலிருந்து மேல்தந்தியின் 329.6 ஹேர்ட்ஸ் வரை சேர்த்துவிடலாம். சேர்த்த பின் நகத்தின் இரு திருகாணிகளையும் சமமாகக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் தளர்த்தினேன். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. துண்டு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததால் சுருதியும் மாறவில்லை. பின்னர் ஒரு கணத்திலே துண்டு தானாகவே நழுவி மேசையில் வீழ்ந்தது. தகடு இருந்த இடத்திலேயே நின்றது. தந்திகளும் சுருள்வில்களும் சமனாகிவிட்டன. என்றென்றைக்கும் பூட்டுவதற்கென்று தரப்பட்ட கட்டை, ஒரு மணி நேரம் தாங்கிவிட்டு வெளியே வந்துவிட்டது.

ஆயினும் வேலை முடிந்ததென்று மகிழ்வதற்கில்லை. கைபிடியை அழுத்தி விட்டால் யாவும் சற்று இறங்கிய சுருதியில் நின்றன. மேலே இழுத்து விட்டால் யாவும் சற்று ஏறிய சுருதியில் நின்றன. இத்தகைய கோளாற்றில் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. விலகியது ஒரு தந்தியா, எல்லாத் தந்திகளுமா? ஒன்று மாத்திரமாயின் குற்றம் அத்தந்தியிலோ, அதனைப் பற்றியிருக்கும் பூட்டிலோ இருக்கும். புதிய தந்தி இன்னும் இழுபட்டு அமையவில்லை, அல்லது குதிரைப் பூட்டிலிருந்து சிறிது வழுக்குகின்றது எனக் கொள்ளலாம். எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவாக விலகினால் குற்றம் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்திலேயே இருத்தல் வேண்டும். பொதுவான இடம் குதிரையின் கத்தி விளிம்பு. அழுத்தியபின் முழுவதும் திரும்பாமலும், இழுத்தபின் முழுவதும் திரும்பாமலும் அது இடையிலே எங்கோ சிக்கி நிற்கின்றது. உராய்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தந்திகளையும் சுருள்வில்களையும் கழற்றிக் குதிரையை வெளியே எடுத்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. கடற்காற்றின் உப்புத் தூண்களின் பள்ளத்திலே செந்துருவாகப் படிந்திருந்தது. விளிம்பு தொட்டுநின்ற இடத்திலே பள்ளத்தில் சிறியதொரு தழும்பும் இருந்தது. தூண்களின் உயரத்தை மாற்றுவோர் தந்திகளின் முழு இழுவையும் நிற்கும்போதே அவற்றைத் திருகினால், இரும்பு இரும்பை அரைத்து இத்தகைய தழும்பு உண்டாவதுண்டு. ஆகையால் உயரத்தை மாற்றுமுன் தந்திகளைத் தளர்த்தவேண்டும் என்பது இக்குதிரை வைத்திருப்போர் யாவரும் கைக்கொள்ளவேண்டிய விதி. துருவை மெல்லத் துடைத்தெடுத்தேன். தூண்கள் வட்டமானவை, பள்ளம் அவற்றைச் சுற்றியும் ஓடுகின்றது. எனவே இரண்டையும் அரைச்சுற்றுத் திருப்பினால், தழும்பில்லாத புதிய முகம் விளிம்புக்குக் கிடைக்கும். உயரத்தில் உண்டாகும் சிறு மாற்றம் இரு தூண்களிலும் சமமாகையாற் கேடில்லை. பொறியியற் பீடத்து நண்பன் ஒருவன் பூதக்கண்ணாடியோடு வந்து விளிம்பைச் சோதித்து, அதனை அரத்தால் தீண்டவேண்டாமென்றான். மலிவான உலோகமாகையால் தேய்க்கத் தேய்க்க அது மழுங்குமேயன்றிக் கூராகாது என்பது அவன் கருத்து. ஒரு துளி வஸ்லின் மாத்திரம் பூசி மீண்டும் பொருத்தினோம். அழுத்தினாலும் இழுத்தாலும் குதிரை வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைபோல் இருந்த இடத்துக்கே வந்தது.

அடுத்த கோளாறு தலைப்பக்கத்தில் இருந்தது. பிரடைகளாற் சரியாகச் சேர்த்த சுருதி, தலைத்தாங்கியின் பூட்டுகளை 3 மில்லிமீற்றர் அலன் சாவியால் இறுக்கிய கணமே ஏறிவிட்டது. தாங்கிக்கும் பிரடைகளுக்கும் இடையிலே, ஆறு தந்திகளையும் கீழே அமர்த்தும் குறுக்குச்சட்டம் ஒன்று உண்டு. அது உயர்ந்து நின்றதால், தந்திகள் தாங்கியின் மேற்பரப்பிற் படியாமல் அதன் பின்விளிம்பிலிருந்து சற்றுத் தூக்கி நின்றன. பூட்டு இறுகும்போது அத்தூக்கத்தை அமுக்கியது. அமுக்கிய அளவுக்குத் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிற்று. சட்டத்தின் இரு திருகாணிகளையும் உட்செலுத்தித் தந்திகளைப் படிய வைத்ததும் ஏற்றம் ஒழிந்தது. பூட்டுமுன் நுண்சுருதித் திருகாணிகள் ஆறையும் நடுநிலையில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் நினைவிலிருத்தத் தக்கது. அவை ஓரத்திலேயே நின்றால், பின்னர் ஏற்றவோ இறக்கவோ இடமின்றிப் பூட்டுகளை மீண்டும் திறக்க நேரிடும்.

மெட்டுகளின் சுருதியை ஒழுங்குசெய்தல் இவற்றின் பின்னரே வரவேண்டியது. தந்தியின் முழுநீளம் 648 மில்லிமீற்றர். அதன் நடுவிலே, 324 மில்லிமீற்றரில், பன்னிரண்டாவது மெட்டு நிற்கின்றது. அவ்விடத்திலே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாதல் வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் அத்தந்தியைத் தாங்கும் சிறு இருக்கையைப் பின்னே நகர்த்தவேண்டும், தாழ்ந்திருந்தால் முன்னே. இக்குதிரையில் இதற்கெனத் தனி இயந்திரமில்லை. இருக்கையின் திருகாணியைத் தளர்த்தியதும் தந்தியின் இழுவையே அதனை முன்னே இழுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் தந்தியைத் தளர்த்தி, இருக்கையை அரை மில்லிமீற்றர் நகர்த்தி, இறுக்கி, ஆறையும் மீண்டும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இவ்வேலை இரண்டு மாலைகளை விழுங்கியது. வீணைக்கு மேளங்கட்டுவோர் மெழுகின்மேல் இருபத்துநான்கு மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் செவியால் நிறுத்தும் பொறுமையை நினைக்கையில், என்னுடையது சிறிய உழைப்பே என்பதை உணர்ந்தேன்.

கிற்றார் இவ்வாறு சீர்ப்பட்ட பின் அதனை முதியவரிடம் கொண்டுசென்று காட்டினேன். கைபிடியைத் தாமே அழுத்திப் பார்த்து, தலையசைத்துவிட்டு, "சரி. மேடையில தந்தி அறுந்தா என்ன செய்வீர்?" என்று கேட்டார். அவ்வினா அவருடைய கட்டைக்குச் சார்பான மிகப் பலம் வாய்ந்த வாதம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மிதக்கும் குதிரையில் ஒரு தந்தி அறுந்தால் அதன் இழுவை மறைகின்றது, சுருள்வில்கள் வெல்கின்றன, தகடு பின்னே சாய்கின்றது, எஞ்சிய ஐந்தும் ஒருங்கே சுருதி ஏறிவிடுகின்றன. கட்டை வைத்த கிற்றாரிலோ ஐந்து தந்திகளோடு பாட்டை முடித்துவிடலாம். எந்த அமைப்பிலும் பெறுவதற்கு ஒரு விலையுண்டு. அவ்விலையை அறிந்து கொடுப்பதே முறை. கலைவிழாவன்று தேய்த்த தேக்குத்துண்டை என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தந்தி அறுந்தால் தகட்டின் கீழே செருகி, நிலையான குதிரையாக்கி வாசித்து முடிக்கலாம் என்பது எண்ணம். தந்தி அறவில்லை. ஆனால் துண்டு இருக்கின்றது என்ற துணிவினாலேயே கைபிடியை அச்சமின்றிக் கையாள முடிந்தது.

நிகழ்ச்சிக்கான ஒத்திகைகளில் இன்னுமோர் உண்மை புலனாயிற்று. கைபிடியாற் சுருதியை வளைக்கலாமாகையால் நம் கமகங்களை அதிலே கொண்டுவரலாம் என்று குழுவிலுள்ள சிலர் எதிர்பார்த்தனர். நானும் ஆவலோடு முயன்றேன். தனித் தந்தியில் மெதுவான அசைவுகள் ஓரளவு அழகாகவே வந்தன. ஆனால் அடித்தந்தியை ஆதார சுருதியாக ஒலிக்கவிட்டு மேலே இராகம் வாசிக்க முனைந்ததும் சித்திரம் கலைந்தது. வீணையிலே விரல் இழுப்பது ஒரு தந்தியை மாத்திரம். பக்கத்திலுள்ள மூன்று தாளத்தந்திகளும் அசையாமல் நின்று ஆதாரம் காட்டுகின்றன. கைபிடியோ ஆதாரத்தையும் சேர்த்தே அசைத்துவிடுகின்றது. அசையாத ஒன்று இருந்தாலன்றி அசைவுக்குப் பொருளில்லை என்பதை அன்று என் செவியே எனக்குக் கற்பித்தது. ஆகையால் ஆதார சுருதியைத் தம்பூரா இலத்திரன் கருவியொன்றிலே விட்டுவிட்டு, கிற்றாரைத் தனிக்குரலாக மாத்திரம் பயன்படுத்தினோம். மேல்நாட்டுக் கருவியொன்றை நம் இசைக்குள் அழைப்போர், அது எதனைத் தரும் என்பதோடு எதனைத் தராது என்பதையும் சோதித்தறிதல் நன்று.

இத்தகைய கருவியை வைத்திருப்போருக்கு நான் கூறக்கூடியது ஓர் ஒழுங்கையே. முதலில் எத்தொகுதித் தந்தி, எச்சுருதி என்பதை முடிவுசெய்து, பின்னர் அதனை மாற்றாதிருக்கவேண்டும். அடுத்துக் கழுத்தின் வளைவையும் தூண்களின் உயரத்தையும் பார்க்கவேண்டும். அதன்பின் சுருள்வில்களால் தகட்டைச் சமப்படுத்தவேண்டும். அப்பாலே மெட்டுச் சுருதி. யாவற்றுக்கும் இறுதியிலே தலைப்பூட்டு. இவ்வொழுங்கில் ஒரு படியைத் தாண்டினால் பின்னே செய்தவை யாவும் வீணாகும். ஏனெனில் முன்னதன் மாற்றம் பின்னதை அசைக்கும். பின்னதன் மாற்றம் முன்னதை அவ்வளவாக அசைப்பதில்லை. எங்கள் பீடத்திலே பிரதியொன்றின் பாடபேதங்களை ஆராயும்போதும், வரலாற்று நிகழ்ச்சியொன்றின் காரணங்களைத் தேடும்போதும், கண்ணுக்கு முதலிற் படுவதையே காரணமாகக் கொள்ளும் ஆசை எழுவதுண்டு. விலகி நிற்கும் தந்தியைக் கண்டதும் அதனையே முறுக்க நீளும் கையைப் போன்றது அவ்வாசை. ஒன்று விலகிற்றா, யாவும் விலகினவா என்று முதலிற் கேட்கும் பழக்கத்தை எனக்கு வகுப்பறையைவிட இக்குதிரையே ஆழமாகப் பதித்தது.

அண்ணனுக்குக் கலைவிழாவின் ஒலிப்பதிவை அனுப்பினேன். அவர் இசையைப் பற்றி அதிகம் பேசவில்லை. தகடு இப்போது எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது, நகத்தின் திருகாணிகளில் இன்னும் எவ்வளவு இடமிருக்கின்றது என்று விரிவாகக் கேட்டார். அடுத்த ஆண்டில் நான் இங்கிருந்து வெளியேறுகையில் கிற்றார் மீண்டும் பருத்தித்துறைக் கடற்காற்றுக்கே செல்லவேண்டியிருக்கும். ஆகவே முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு அதனைப் பராமரிக்கும் முறையைப் பழக்கிவருகின்றேன். அண்ணன் திரும்பி வரும்வரை அது இங்கேயே வாசிக்கப்படட்டும் என்று அவரும் இணங்கியுள்ளார். சென்ற கிழமை அம்மாணவன் நகத்தின் திருகாணிகளைத் தானே தளர்த்தி, துண்டு நழுவி வீழும் கணத்துக்காக மூச்சையடக்கிக் காத்திருந்தான். அலன் சாவிகள் இரண்டும், வஸ்லின் சிமிழும், தேக்குத்துண்டும் உறையின் பக்கப்பையில் இருக்கின்றன.